ஆஸ்துமா உள்ள வீட்டில் சுத்தமும் ஒழுங்கும்

"வீட்டை நாள்தோறும் இரண்டு வேளை பெருக்குகிறோம், டாக்டர், ஆனாலும் பிள்ளைக்கு இரைப்பு வந்துகொண்டேதான் இருக்கிறது." நுரையீரல் நோய்ப் புறநோயாளிப் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. சொல்பவர் பெரும்பாலும் தாயாராக இருப்பார். அவர் கூறுவதில் மிகை ஏதுமில்லை. வீடு சுத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் கண்ணுக்குச் சுத்தமாகத் தெரிவதும் மூச்சுக்குழாய்க்குச் சுத்தமாக இருப்பதும் ஒன்றல்ல. சில வேளைகளில் நாம் சுத்தம் செய்யும் முறையே மூச்சிரைப்பைத் தூண்டிவிடுகிறது.

பெற்றோர் இருவரும் வேலைக்குச் செல்லும் வீடு, பள்ளிக்குச் செல்லும் இரண்டு பிள்ளைகள், உடன் வாழும் தாத்தா பாட்டி, காலை ஆறு மணிக்கே தொடங்கும் சமையல் என்பதே இன்றைய குடும்பங்களின் நிலை. இத்தகைய வீட்டை மருத்துவமனையின் அறுவை அரங்கைப்போல் வைத்திருக்க இயலாது. அதற்குத் தேவையும் இல்லை. ஆஸ்துமா நோயாளி உள்ள வீட்டில் எதைச் செய்தால் உண்மையான பயன் கிடைக்கும், எதைச் செய்தால் தீங்கு நேரும், எதைச் செய்யாமல் விட்டாலும் குற்றமில்லை என்று பிரித்தறிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தூசிக்குள் இருப்பது என்ன?

வீட்டுத் தூசி என்பது தெருவிலிருந்து வரும் மண் மட்டுமன்று. துணியிழைகள், நம் தோலிலிருந்து உதிரும் செதில்கள், பூஞ்சை வித்துகள், கரப்பான் பூச்சியின் கழிவு, புகைக்கரி, செல்லப்பிராணிகளின் பொடுகு ஆகிய அனைத்தும் அதில் கலந்துள்ளன. இவற்றுள் ஆஸ்துமா நோயாளிகளை மிகுதியாகத் துன்புறுத்துவது 'வீட்டுத் தூசி உண்ணி' எனப்படும் நுண்ணுயிரியாகும். வீட்டுத் தூசி ஒவ்வாமைக்கு இவ்வுண்ணியே முதன்மைக் காரணம் என்பதை நெதர்லாந்தைச் சேர்ந்த வோர்ஹோர்ஸ்ட்டும் அவருடைய குழுவினரும் 1964ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர்.

இவ்வுண்ணியின் நீளம் ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். வெறுங்கண்ணால் இதைக் காண்பது அரிது. இது கடிப்பதில்லை, இரத்தம் உறிஞ்சுவதும் இல்லை. நம் உடலிலிருந்து உதிரும் தோல் செதில்களே இதன் உணவு. இது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் உள்ள ஈரப்பதத்தைத் தன் உடல் வழியே ஈர்த்துக்கொள்கிறது. ஆகவே வெப்பமும் ஈரமும் நிறைந்த கடலோர ஊர்களில் இது செழித்துப் பெருகுகிறது. காற்று நீண்ட நாள் வறண்டிருந்தால் மடிகிறது. நோயைத் தூண்டுவது உண்ணியைக் காட்டிலும் அதன் கழிவில் உள்ள புரதங்களே. உண்ணி இறந்த பின்னும் அப்புரதங்கள் மெத்தையிலும் தலையணையிலும் தங்கிவிடுகின்றன. "பூச்சி செத்துவிட்டது, இனிக் கவலையில்லை" என்று இருந்துவிட முடியாததன் காரணம் இதுவே.

இப்புரதங்களைத் தாங்கிய துகள்கள் ஓரளவு பெரியவை. அசைவில்லாத அறையில் அவை தரையிலும் துணியிலும் படிந்தே கிடக்கும். மெத்தையைத் தட்டும்போதும் தரையைப் பெருக்கும்போதும் காற்றில் எழும்பி, ஏறத்தாழ அரை மணி நேரத்தில் மீண்டும் படியும். இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்தினால், கீழே கூறப்படும் அறிவுரைகளில் பெரும்பாலானவை தாமாகவே விளங்கும்.

துடைப்பமும் ஈரத்துணியும்

உலர்ந்த துடைப்பத்தால் வேகமாகப் பெருக்கும்போது பெரிய குப்பை ஓரிடத்தில் சேர்கிறது. நுண்ணிய தூசி காற்றில் ஏறுகிறது. அறையில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தால் அது மூலை முடுக்கெல்லாம் பரவுகிறது. அருகில் பாய் விரித்து உறங்கும் குழந்தை அதைத்தான் சுவாசிக்கிறது. காலையில் பிள்ளைகள் எழுவதற்கு முன்பே பெருக்கிவிடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. ஆஸ்துமா உள்ள பிள்ளையின் அறையில் மட்டும் இதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

பின்வரும் வரிசை பயனளிக்கும். முதலில் நோயாளியை வேறு அறைக்கோ வெளியிலோ அனுப்புங்கள். மின்விசிறியை நிறுத்தி, சன்னல்களைத் திறந்து வையுங்கள். மேலிருந்து கீழாக வாருங்கள்: விசிறியின் இறக்கைகள், அலமாரியின் மேற்புறம், சன்னல் கம்பிகள், மேசை, இறுதியாகத் தரை. மேற்பரப்புகளை நனைத்துப் பிழிந்த துணியால் துடையுங்கள். உலர்ந்த துணி தூசியை இடம் மாற்றுமேயன்றி அகற்றாது. தரையில் உள்ள பெரிய குப்பையைத் துடைப்பத்தை அழுத்தாமல் மெதுவாகக் கூட்டி எடுத்துவிட்டு, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். வேலை முடிந்து அரை மணி நேரம் கழித்து நோயாளி அறைக்குள் வரலாம்.

துடைத்த தரை விரைவில் உலர வேண்டும் என்பதும் முக்கியம். நீரை வாரி இறைத்துக் கழுவி, ஈரத்தை அப்படியே விட்டுவிட்டால் பூஞ்சைக்கு இடம் கொடுத்தவராவோம். முதியோர் வழுக்கி விழும் ஆபத்தும் உண்டு.

பொருள் குறைந்தால் வேலை குறையும்

ஒழுங்கு என்பது அழகுக்காக மட்டும் அன்று. வெளியில் வைக்கப்பட்டுள்ள ஒவ்வொரு பொருளும் தூசி படியும் ஒரு பரப்பு. சுவரோரம் அடுக்கப்பட்ட பழைய செய்தித்தாள்கள், கட்டிலுக்கு அடியில் தள்ளப்பட்ட பெட்டிகள், கதவின் பின்னால் தொங்கும் துணிகள், பரணில் கிடக்கும் அட்டைப்பெட்டிகள் ஆகியவை இருக்கும் அறையை எவரும் இருபது நிமிடத்தில் துடைத்து முடிக்க இயலாது. எனவே நாள்தோறும் செய்ய வேண்டிய வேலை வாரத்திற்கு ஒன்றாகவும், பிறகு மாதத்திற்கு ஒன்றாகவும் தள்ளிப்போகிறது.

வீடு முழுவதையும் ஒரே நாளில் ஒழுங்குபடுத்த முனைய வேண்டாம். நோயாளி உறங்கும் அறையிலிருந்து தொடங்குங்கள். ஒருவர் தம் நாளில் ஏறத்தாழ எட்டு மணி நேரத்தை அங்கே, முகத்தைத் தலையணையில் பதித்தபடி கழிக்கிறார். ஆகவே ஒரே ஓர் அறைக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால், அது படுக்கையறையாகவே இருக்கட்டும். அங்கே கட்டில், அன்றாடம் உடுத்தும் துணிகளுக்கான மூடிய அலமாரி, ஒரு மேசை ஆகியவை போதும். பழைய புத்தகங்கள், பயன்படுத்தாத கம்பளங்கள், தையல் துணிகள் முதலியவற்றை வேறிடத்திற்கு மாற்றுங்கள். கட்டிலின் அடிப்புறம் வெறுமையாக இருந்தால் ஈரத்துணி தடையின்றிச் சென்றுவரும்.

படுக்கையும் தலையணையும்

தலையணை உறை, படுக்கை விரிப்பு, போர்வை ஆகியவற்றை வாரத்திற்கு ஒருமுறை வெந்நீரில் துவைக்க வேண்டும். உண்ணிகள் இறப்பதற்கு நீரின் வெப்பம் 55 முதல் 60 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். நீரைச் சூடாக்கும் வசதி உள்ள துவைக்கும் இயந்திரத்தில் இந்த அளவைத் தேர்ந்தெடுக்கலாம். அவ்வசதி இல்லாத வீடுகளில், ஒரு பங்கு குழாய் நீரில் ஒரு பங்கு கொதிநீரைக் கலந்தால் ஏறத்தாழ இதே வெப்பம் கிடைக்கும். அதில் துணிகளைக் கால் மணி நேரம் முக்கி வைத்துப் பிறகு வழக்கம்போல் துவைக்கலாம். துணியைக் கையால் அழுத்தாமல் கழியால் அழுத்துங்கள். சிறு பிள்ளைகளை அவ்விடத்திற்கு வர விடாதீர்கள். வெந்நீருக்கு வழியே இல்லாவிட்டாலும் தண்ணீரில் துவைப்பது வீணன்று. ஒவ்வாமைப் புரதத்தின் பெரும்பகுதி அதிலேயே நீங்கிவிடும். உண்ணிகளில் பல மட்டும் உயிருடன் எஞ்சியிருக்கும்.

இலவம் பஞ்சு மெத்தையைத் துவைக்க இயலாது. அதை நல்ல வெயிலில் இருபுறமும் புரட்டிப் போட்டுக் காய வையுங்கள். வெப்பமும் வறட்சியும் உண்ணிகளைக் குறைக்கும். காய்ந்த மெத்தையை வீட்டிற்கு வெளியிலேயே தட்டி உதற வேண்டும். அதைச் செய்பவர் ஆஸ்துமா இல்லாதவராக இருக்க வேண்டும். பஞ்சு பொடிந்து தூளாகும் பழைய தலையணைகளைப் பாதுகாத்து வைப்பதில் பயனில்லை, மாற்றிவிடுங்கள். இடமும் உடல்நிலையும் ஒத்துவந்தால் கோரைப்பாய் நல்ல மாற்று. பஞ்சு மெத்தையைப்போல் அது தூசியைத் தன்னுள் சேர்த்துக்கொள்வதில்லை. ஈரத்துணியால் துடைத்து வெயிலில் உலர்த்துவதும் எளிது.

உண்ணி ஊடுருவாத சிறப்பு மெத்தை உறைகளை வாங்கலாமா என்று பலர் கேட்கின்றனர். இவ்வுறைகளை மட்டும் பயன்படுத்திய பெரியவர்களிடம் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை என்று 2003ஆம் ஆண்டில் வெளியான பெரியதோர் ஆய்வு தெரிவித்தது. உண்ணி ஒவ்வாமை உறுதிசெய்யப்பட்ட குழந்தைகளிடம், கடும் மூச்சிரைப்புடன் மருத்துவமனைக்கு வரும் நிலையை அவை குறைத்தன என்று 2017ஆம் ஆண்டில் வெளியான இங்கிலாந்து ஆய்வு ஒன்று காட்டியது. எனவே ஒவ்வாமைப் பரிசோதனை செய்யப்பட்ட குழந்தைக்கு, குடும்பத்தின் பொருள்வசதி இடங்கொடுத்தால் வாங்கலாம் என்பதே எங்கள் அறிவுரை. கடன் வாங்கி இதைச் செய்ய வேண்டியதில்லை. அப்பணம் முதலில் மருந்துக்குப் போகட்டும்.

சமையலறை

கரப்பான் பூச்சியின் கழிவும் உதிரும் உடற்பகுதிகளும் ஆஸ்துமாவைக் கடுமையாக்கும். அமெரிக்க நகரங்களில் வாழும் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 1997ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், கரப்பான் ஒவ்வாமை உடையவர்களாகவும் அப்பூச்சிகள் மிகுந்த வீடுகளில் வாழ்பவர்களாகவும் இருந்த குழந்தைகள் மற்றவர்களைவிட அதிகமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர் என்பது தெரியவந்தது.

கரப்பானுக்குத் தேவையானவை மூன்று: உணவு, நீர், ஒளிந்துகொள்ள இடம். இரவில் எச்சில் பாத்திரங்களைத் தொட்டியில் விட்டுவைக்காதீர்கள். தேய்க்க நேரமில்லையெனில் சோற்றுப் பருக்கைகளை நீக்கி, நீரில் முக்கியாவது வையுங்கள். குப்பைக்கூடைக்கு மூடி இருக்கட்டும். இரவில் அதைக் காலி செய்துவிடுங்கள். அரிசி, பருப்பு, மாவு, தின்பண்டம் ஆகியவற்றை இறுக மூடும் டப்பாக்களில் வையுங்கள். ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள்; கழிவுநீர்த் துளைக்கு வலையிட்ட மூடி போடுங்கள். தொட்டிக்கு அடியில் அட்டைப்பெட்டிகளையும் பிளாஸ்டிக் பைகளையும் திணித்து வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். கரப்பான் முட்டையிடும் இடம் அதுவே.

பூச்சிக்கொல்லியை வீடு முழுவதும் தெளிப்பது நோயாளியின் மூச்சுக்குழாயை நேரடியாக உறுத்தும். அதற்குப் பதிலாக, இடுக்குகளில் சிறு புள்ளிகளாக வைக்கும் பசை வடிவ மருந்தைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத இடங்களில் பயன்படுத்தலாம். பூச்சிகள் ஒழிந்த பின்னர் அலமாரிகளைச் சோப்பு நீரால் துடைப்பது இன்றியமையாதது. ஏனெனில் ஒவ்வாமைப் பொருள் அங்கேயே தங்கியிருக்கும்.

மிளகாய் வறுக்கும்போதும் தாளிக்கும்போதும் எழும் நெடி பலருக்கு இருமலைத் தூண்டும். அந்நேரத்தில் காற்று வெளியேற்றும் விசிறியை இயக்குங்கள். சமையலறைக் கதவைச் சாத்தி, சன்னலைத் திறந்து வையுங்கள்.

குளியலறையும் ஈரச் சுவர்களும்

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சுவர்களில் கறுப்பாகவும் பச்சையாகவும் படர்வது பூஞ்சை. அதன் வித்துகள் காற்றில் பரவி மூச்சிரைப்பைத் தூண்டும். அதன் மேல் வண்ணம் பூசுவது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது. சில வாரங்களில் மீண்டும் தலைகாட்டும். நீர்க்கசிவை அடைப்பதே முதல் வேலை. பிறகு சோப்பு நீரால் தேய்த்துக் கழுவி, நன்கு உலர விட வேண்டும். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நான்கு விரற்கடை இடைவெளி விட்டு வையுங்கள். மழைக்காலத்தில் துணிகளை வீட்டிற்குள் உலர்த்த நேர்ந்தால் நோயாளி உறங்கும் அறையைத் தவிர்த்து வேறிடத்தில் கொடி கட்டுங்கள். குளித்து முடித்தவர் தரையில் தேங்கிய நீரைத் தள்ளிவிட்டு வருவதைக் குடும்ப வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி பொருத்திய அறையில் அதன் வடிகட்டியை இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி, முழுவதும் உலர்ந்த பின் மாட்ட வேண்டும்.

சுத்தம் செய்யும் பொருள்களில் எச்சரிக்கை

நறுமணம் வீசினால்தான் வீடு சுத்தமாயிற்று என்ற எண்ணம் பரவலாக உள்ளது. ஆஸ்துமா உள்ளவருக்கு அந்நறுமணமே எதிரியாகலாம். கடும் மணமுள்ள தரைத் திரவங்கள், அறை வாசனைத் தெளிப்பான்கள், கண்ணாடி துடைக்கும் தெளிப்பான்கள் ஆகியவற்றைத் தவிர்க்கவும். தெளிக்கும் வகையைவிட, துணியில் ஊற்றித் துடைக்கும் வகை நல்லது. தெளிக்கும்போது நுண்துளிகள் மூச்சோடு உள்ளே செல்கின்றன. நார்வே நாட்டின் பெர்கன் பல்கலைக்கழகத்தினர், 6,000க்கும் மேற்பட்டவர்களை 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வீட்டைச் சுத்தம் செய்யும் பெண்களுக்கும் அதையே தொழிலாகக் கொண்ட பெண்களுக்கும், அவ்வேலையைச் செய்யாத பெண்களைவிட நுரையீரலின் திறன் விரைவாகக் குறைந்திருந்ததை அவர்கள் கண்டனர். அன்றாட வேலைகளுக்குச் சோப்பு நீரே போதும்.

பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ கழிப்பறை ஆசிட்டுடன் ஒருபோதும் கலக்காதீர்கள். கலந்தால் குளோரின் வாயு வெளிப்படும். சிறிய குளியலறைக்குள், கதவைச் சாத்திக்கொண்டு இவ்வாறு செய்பவர் சில நிமிடங்களில் மூச்சுத் திணறி விழக்கூடும். ஆஸ்துமா இல்லாதவருக்கும் இது பொருந்தும். அம்மோனியா கலந்த திரவங்களோடு பிளீச்சைச் சேர்ப்பதும் அவ்வாறே நச்சு வாயுவை உண்டாக்கும். தவறிக் கலந்துவிட்டால் உடனே வெளியேறித் தூய காற்றுக்கு வாருங்கள்; கதவைத் திறந்துவிடுங்கள்; இருமலோ நெஞ்சிறுக்கமோ இருந்தால் மருத்துவமனைக்கு வாருங்கள். ஆசிட், பினாயில் போன்றவற்றைக் குடிநீர்ப் புட்டிகளிலும் குளிர்பானப் புட்டிகளிலும் ஊற்றி வைப்பதையும் அறவே தவிர்க்கவும்.

புகையும் வீட்டுச் சுத்தத்தைச் சேர்ந்ததே

கூட்டித் துடைத்த வீட்டில் சாம்பிராணி போடுவதும் ஊதுபத்தி ஏற்றுவதும் நம் மரபு. மாலையில் கதவுகளைச் சாத்திவிட்டுக் கொசுவர்த்தி கொளுத்துவதும் வழக்கம். 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்றின்படி, ஒரு கொசுவர்த்திச் சுருள் எரிந்து முடியும்போது வெளிப்படும் நுண்துகள்களின் அளவு 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்கு ஒப்பாகும். ஆகவே ஆஸ்துமா உள்ள வீட்டில் கொசுவலையும் சன்னல் வலையும் மட்டுமே ஏற்றவை. வழிபாட்டில் விளக்கும் பூவும் போதும் என்று பல குடும்பத்தினர் ஏற்றுக்கொண்டுள்ளனர். புகை கட்டாயம் வேண்டுமென்று வீட்டுப் பெரியவர்கள் விரும்பினால், சிறிதளவே போட்டு, வாசற்புறத்தில் வைத்து, நோயாளியை விலக்கி நிறுத்துங்கள். வீட்டில் எவரும் புகைபிடித்தல் கூடாது. மாடியில் நின்று புகைத்துவிட்டு வந்தாலும் அவருடைய துணியிலும் மூச்சிலும் புகையின் எச்சம் வீட்டிற்குள் வந்து சேரும்.

பண்டிகைக்கு முந்தைய பெருஞ்சுத்தம்

ஆயுத பூசை, தீபாவளி, பொங்கல் ஆகிய பண்டிகைகளையொட்டி மூச்சிரைப்புடன் வருவோரை ஆண்டுதோறும் பார்க்கிறோம். ஒட்டடை அடித்தல், பரணை இறக்குதல், பழைய புத்தகங்களைத் தட்டி அடுக்குதல், வெள்ளையடித்தல், போகியன்று பழையன எரித்தல் ஆகிய அனைத்தும் சில நாள்களுக்குள் நிகழ்கின்றன. ஆண்டு முழுவதும் படிந்த தூசி இரண்டு நாளில் காற்றில் ஏறுகிறது.

இவ்வேலையை ஒரு மாதத்திற்குப் பரப்பிவிடுங்கள். வாரத்திற்கு ஓர் அறை போதும். அவ்வேளையில் நோயாளி உறவினர் வீட்டிற்கோ அண்டை வீட்டிற்கோ சென்றிருக்கலாம். ஒட்டடைக்கோலின் முனையில் ஈரத்துணி சுற்றிக்கொண்டால் தூசி பறப்பது பெருமளவு குறையும். வண்ணம் பூசிய அறையில் மணம் அடங்கும்வரை நோயாளி உறங்க வேண்டாம். பழைய பொருள்களை எரிக்காமல் கொடுத்துவிடுங்கள் அல்லது குப்பை வண்டியில் சேர்த்துவிடுங்கள்.

சில வீடுகளில் ஆஸ்துமா உள்ளவரே இவ்வேலை அனைத்தையும் செய்ய வேண்டிய நிலையில் இருக்கிறார். அவ்வாறாயின் முகத்தில் நன்கு பொருந்தும் என்95 முகக்கவசம் அணியுங்கள். சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் நுண்தூசியைத் தடுக்கா. மருத்துவர் குறித்த தடுப்பு மருந்தை ஒரு நாளும் தவறவிடாதீர்கள். நிவாரண இன்ஹேலரை இடுப்பிலோ பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சு இறுகினால் 'இந்த ஒரு மூலையை முடித்துவிடலாம்' என்று தொடராமல் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

வேலையைப் பகிர்ந்துகொள்ளுதல்

மேலே கூறியவற்றைப் படிக்கும் தாய்மார்களுக்குச் சோர்வு வரலாம். இவை ஒருவர் தலையில் ஏற்றப்படும் பட்டியல் அல்ல. குடும்பத்தினர் அனைவருக்கும் உரிய வேலைப் பங்கீடு. "நீ வீட்டைச் சரியாக வைத்துக்கொள்ளாததால்தான் பிள்ளைக்கு இந்நோய்" என்று தாயையோ மருமகளையோ குறைகூறும் பேச்சையும் நாங்கள் கேட்டிருக்கிறோம். அது மருத்துவ உண்மை அன்று. ஆஸ்துமா மரபுக்கூறுகளாலும் சூழல் காரணங்களாலும் உண்டாகும் நோய். மிகச் சுத்தமான வீடுகளிலும் அது உண்டு.

ஒரு நடைமுறைப் பங்கீடு இவ்வாறு அமையலாம்.

நாள்தோறும், 20 நிமிடம்: நோயாளியின் அறைத் தரையை ஈரத்துணியால் துடைத்தல், இரவில் பாத்திரத் தொட்டியையும் குப்பைக்கூடையையும் காலி செய்தல், பிள்ளைகள் தத்தம் பொருள்களை மூடிய பெட்டியில் இடுதல்.

வாரம் ஒருமுறை: விரிப்பு, உறை, போர்வை ஆகியவற்றை வெந்நீரில் துவைத்தல், விசிறி இறக்கைகளையும் அலமாரி மேற்புறத்தையும் துடைத்தல், குளியலறையைத் தேய்த்து உலர விடுதல்.

மாதம் ஒருமுறை: மெத்தையையும் தலையணையையும் வெயிலில் போடுதல், திரைச்சீலைகளைத் துவைத்தல், சமையலறை அலமாரிகளின் உட்புறத்தைத் துடைத்தல்.

மழைக்கு முன்: கூரைக் கசிவு, குழாய் ஒழுக்கு, சன்னல் இடுக்குகள் ஆகியவற்றைப் பார்த்துச் சரிசெய்தல்.

வெந்நீர் தூக்குவதும் மெத்தை சுமப்பதும் வீட்டு ஆண்களின் பொறுப்பாகட்டும். பத்து வயதுப் பிள்ளை தன் தலையணை உறையைத் தானே கழற்றிப் போடலாம். ஆனால் தூசி தட்டும் வேலையை ஆஸ்துமா உள்ள பிள்ளைக்குத் தர வேண்டாம். ஏதேனும் ஒரு வாரம் எதுவும் இயலாமற்போனால் படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் மட்டுமாவது மாற்றுங்கள்.

மருந்துக்கு ஒரு நிலையான இடம்

வீட்டின் ஒழுங்கு உயிர்காக்கும் இடம் ஒன்று உண்டு. இரவு இரண்டு மணிக்குப் பிள்ளை மூச்சுவிடத் திணறும்போது நிவாரண இன்ஹேலரைப் பள்ளிப் பையிலும் மேசை இழுப்பறையிலும் தேடிக்கொண்டிருக்கலாகாது. அதற்கென ஓர் இடம் குறித்துக்கொள்ளுங்கள். இன்ஹேலர், ஸ்பேசர், மருத்துவர் எழுதித் தந்த அவசரச் செயல்திட்டம் ஆகிய மூன்றும் அங்கே ஒன்றாக இருக்கட்டும். வீட்டில் உள்ள ஒவ்வொருவருக்கும், தாத்தா பாட்டிக்கும், அவ்விடமும் பயன்படுத்தும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். மாதத்தின் முதல் நாளில் காலாவதித் தேதியையும் எஞ்சிய மருந்தின் அளவையும் பாருங்கள். ஸ்பேசரையும் சோப்பு நீரில் கழுவி, துடைக்காமல் தானாக உலர விடுங்கள். துணியால் துடைத்தால் உட்சுவரில் மருந்து ஒட்டிக்கொள்ளும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தூசி உறிஞ்சும் இயந்திரம் வாங்க வேண்டுமா?
சிமெண்டுத் தரையும் ஓட்டுத் தரையும் உள்ள வீடுகளுக்கு ஈரத்துணியே போதும். கம்பளமும் மெத்தை இருக்கைகளும் உள்ள வீட்டில் இயந்திரம் உதவும்; நுண்துகளைப் பிடிக்கும் ஹெபா வடிகட்டி உள்ளதாக இருக்கட்டும். சாதாரண இயந்திரம் நுண்தூசியைப் பின்புறமாக மீண்டும் அறைக்குள் விடக்கூடும்.

பஞ்சுப் பொம்மைகளை என்ன செய்வது?
எல்லாவற்றையும் பறித்துக்கொள்ள வேண்டாம். குழந்தைக்கு மிகவும் பிடித்த ஒன்றை மட்டும் படுக்கையில் அனுமதித்து, விரிப்போடு சேர்த்து அதையும் வெந்நீரில் துவையுங்கள். வெந்நீர் தாங்காத பொம்மையைப் பையில் கட்டி 24 மணி நேரம் உறைபெட்டியில் வைத்தால் உண்ணிகள் இறக்கும். பிறகு தண்ணீரில் அலசினால் எஞ்சிய கழிவு நீங்கும்.

நாய், பூனையை வெளியேற்ற வேண்டுமா?
அவற்றால் ஒவ்வாமை உண்டென்று பரிசோதனையில் தெரிந்தால் மட்டும் அதைப் பற்றிப் பேசுவோம். எவ்வாறாயினும் அவை படுக்கையறைக்குள் வராமலிருப்பது நல்லது.

வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொண்டால் இன்ஹேலரை நிறுத்தலாமா?
கூடாது. சுத்தம் தூண்டுதலைக் குறைக்கிறது. மூச்சுக்குழாயின் உட்புற அழற்சியைக் குறைப்பது தடுப்பு இன்ஹேலரே. ஒன்று மற்றொன்றிற்கு மாற்றன்று. நோய் கட்டுக்குள் வந்தபின் மருந்தின் அளவைக் குறைப்பது பற்றி மருத்துவர் முடிவு செய்வார்.

இத்தனையும் செய்தும் குறையவில்லையே?
ஒவ்வொருவருக்கும் தூண்டும் பொருள் வேறுபடும். சிலருக்குச் சளிக்காய்ச்சலும், சிலருக்குக் குளிர்காற்றும், சிலருக்குப் பணியிடத் தூசியும் காரணமாகலாம். இன்ஹேலர் பயன்படுத்தும் முறை தவறியிருக்கலாம். மூச்சிரைப்பு வந்த நாள், நேரம், அதற்கு முன் வீட்டில் நடந்த வேலை ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் நான்கு வாரம் எழுதிக் கொண்டுவாருங்கள். வியாழக்கிழமைதோறும் இரைப்பு வருகிறது, அன்றுதான் வீட்டில் கம்பளம் உதறப்படுகிறது என்பதுபோன்ற தொடர்பு அப்போது தானே தெரியவரும்.

உடனே மருத்துவமனைக்கு வர வேண்டிய அறிகுறிகள்

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் சொல் சொல்லாகத் திணறுதல். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகளுக்கு இடையிலும் கழுத்துக் குழியிலும் தசை உள்வாங்குதல். உதடோ நகமோ நீலம் பாரித்தல். குழந்தை பால் குடிக்கவோ உணவு உண்ணவோ இயலாதிருத்தல். மயக்கமோ குழப்பமோ ஏற்படுதல். நிவாரண இன்ஹேலரால் பயன் கிட்டாமை அல்லது பயன் சிறிது நேரத்திலேயே மறைதல். இவற்றுள் ஒன்று தென்பட்டாலும் காத்திருக்க வேண்டாம். நோயாளியை நிமிர்ந்து உட்கார வைத்து, செயல்திட்டத்தில் எழுதியுள்ளபடி ஸ்பேசர் வழியாக நிவாரண மருந்தைக் கொடுத்துக்கொண்டே 108க்கு அழையுங்கள். இரைப்பு ஒலி திடீரென நின்றுவிட்டு, நோயாளி சோர்ந்துபோனால் அது நலமடைந்ததன் அறிகுறி அன்று; காற்று உட்செல்லவில்லை என்பதற்கான எச்சரிக்கை.

வீட்டின் நோயாளிக்கு ஏற்ற ஒழுங்கை ஒரே நாளில் கொண்டுவர இயலாது. இவ்வாரம் படுக்கையறை, அடுத்த வாரம் சமையலறை என்று தொடங்குங்கள். அடுத்த முறை மருத்துவ ஆலோசனைக்கு வரும்போது இன்ஹேலர், ஸ்பேசர், குறிப்பேடு ஆகிய மூன்றையும் கொண்டுவாருங்கள். எவ்வேலை உங்கள் வீட்டில் பயன்தந்தது, எது இயலவில்லை என்பதைச் சேர்ந்து பார்த்து, உங்கள் குடும்பத்திற்கு ஏற்றவாறு பட்டியலைச் சுருக்கித் தருவோம்.